எனக்கு முன்னால் கிளம்பிய பெட்டி

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்தும்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கத் தெரியாதவள் நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் தெருவில் யாராவது நடுவில் புகுந்து மீதியை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் கல்யாணமாகி மெல்போர்னில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். ஆறு மாதம் போய் இருந்து பார்த்துக்கொள்ள எனக்கு விசா கிடைத்தது. வீட்டுக்காரருக்கு மன்னார்புரத்தில் கார் சீட் கவர் தைக்கிற கடை. கடையைப் போட்டுவிட்டு வர முடியாது என்றார். ஆடிப்பெருக்குக் கடைவீதியில் ராட்டினத்தில் ஏறவே பயப்படுகிறவர் அவர். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆக நான் தனியாகப் போவதாக முடிவானது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெள்ளறையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக்கூட நான் தனியாக பஸ் ஏறியதில்லை.

மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, உன்னோட பழைய நூல் சேலை எல்லாம் எடுத்துட்டு வா. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆயிருக்கும் பாரு, அது. வேற எதுவும் வேணாம்."

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பழைய நூல் துணியில்தான் ஏந்துவார்கள், சுற்றுவார்கள், தூளி கட்டுவார்கள். அந்த ஊரில் குழந்தைக்கு வேண்டிய எல்லாம் கடையில் இருக்கிறது. இருபது வருஷம் துவைத்த சேலை மட்டும் இல்லையாம். பீரோவின் அடித்தட்டில் கிடந்த என் சேலைகளை எடுத்து, காவிரித் தண்ணீர் குழாயில் வந்த நாளாகப் பார்த்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, பெட்டியில் முதலில் அவற்றைத்தான் அடுக்கினேன். மற்றது எது போனாலும் வந்தாலும் இது மகள் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை.

அடுத்தது சொல்லிக்கொள்வது. வெளிநாடு போகிறவர் வீடுவீடாகப் போய் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். "போறேன்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அதைவிடக் காவிரிப் பாலத்தை ஒற்றைக்காலில் கடப்பது எவ்வளவோ மேல். ஆனாலும் போனேன். போன வீட்டிலெல்லாம் புத்திமதி கிடைத்தது. ப்ளேனையே பார்க்காதவர்கள் ப்ளேனில் எப்படி உட்கார வேண்டும் என்று சொன்னார்கள். அங்கே இப்போது வெயில்காலம் என்று மகள் சொல்லியிருந்தாள். அதைத் தெருவில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தை மாசக் குளிரே தாங்க முடியவில்லை, வெளிநாட்டில் எப்படி இருக்கும் என்று கேட்டு, குரங்குக்குல்லாய் ஒன்றும் கொடுத்தார்கள்.

பெட்டிக்கு வீட்டுக்காரர் உறை தைத்துக்கொடுத்தார். கருஞ்சிவப்பு ரெக்சின், ஓரத்தில் மஞ்சள் பட்டை. பெட்டி பார்ப்பதற்குப் பழைய அம்பாசிடரின் பின்சீட் மாதிரி இருந்தது. திருடன் கண்ணில் படாதபடி ஜிப்பை அடிப்பக்கம் வைத்திருந்தார். அப்படியென்றால் பெட்டியைக் கவிழ்த்துத்தான் திறக்கவேண்டும். இதைக் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

டிக்கெட்டில் முப்பது கிலோ வரை கொண்டுபோகலாம் என்று போட்டிருந்தது. எடை போட பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டோம். அவர் தராசுக் கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கி, "இருபத்தெட்டுங்க. டிக்சனரிக்கட்டுகூட இந்தக் கனம் கனக்காது" என்றார். இரண்டு கிலோ இடம் மிச்சம். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை போவதற்குள் அந்த இரண்டு கிலோ தெருவுக்கே தெரிந்துவிட்டது.

இப்போது நாள் பார்க்கிற கதை. ப்ளேன் திங்கட்கிழமை. வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டிய நேரமோ காலை ஏழரை ஒன்பது ராகுகாலம். போதாததற்குத் திங்கட்கிழமை கிழக்கே சூலம். மாடிவீட்டில் ரயில்வேயில் வேலைபார்த்து ரிட்டயரான சார் குடியிருக்கிறார். அவர் பேரனின் பூகோளப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"ஆஸ்திரேலியா சுத்தக் கிழக்கு இல்லம்மா. தென்கிழக்கு. அதனால சூலம் பாதிதான். ஆனா நம்ம ஏர்போர்ட்ல ரன்வே கிழக்கு மேற்கா கிடக்கு. மேற்கே பார்த்து ஏத்தினான்னா தோஷமே இல்ல. எந்தப் பக்கம் ஏத்துவான்னு யாரு கேக்கறது?"

"கிழக்கே சூலத்துக்குத் தயிர் சாப்பிட்டாப் போச்சு" என்றார் எதிர்வீட்டு மாமி. "ராகுகாலத்துக்குத்தான் வழி பண்ணணும். பெட்டியை பரஸ்தானம் பண்ணிடுங்கோ."

பரஸ்தானம் என்பது எங்கள் ஊரில் காலத்தை ஏமாற்றுவதற்குச் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. நாம் கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் நம் பெட்டியை மட்டும் வாசல்படி தாண்டி இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பிவிட்டதால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு ராகுகாலத்தில் நாம் எழுந்து போனாலும் ராகுவுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் பெட்டிக்குச் சூடம் காட்டி எதிர்வீட்டு மாமியின் கூடத்தில் கொண்டுபோய் வைத்தோம். மாமி அதற்குக் கீழே கோலம் போட்டு வைத்திருந்தார். வைத்த கையோடு சட்டத்தையும் சொன்னார்.

"கேட்டுக்கோடிம்மா. இது கிளம்பின பெட்டி. இனிமே உங்காத்துக்குத் திரும்பப்படாது. இதுலேந்து எதையும் எடுக்கப்படாது."

"வைக்கலாமா மாமி?" என்று மாடிவீட்டு சார் கேட்டார்.

மாமி யோசித்தார். "வைக்கலாம். வைக்கறதுக்கென்ன."

அவ்வளவுதான். என் பெட்டி என் கையைவிட்டுப் போய்விட்டது.

முதலில் வைத்தவர் மாமியேதான். அவருடைய அண்ணா பிள்ளை சிட்னியில் இருக்கிறான். "பக்கத்து ஊர்தானே, உங்க மாப்பிள்ளை ஒரு எட்டு கொண்டுபோய்க் குடுத்துட மாட்டாரா?" என்று அப்பளக்கட்டும், வடாமும், ஒரு சின்ன பாட்டிலில் உப்பு நார்த்தங்காயும் வைத்தார். மெல்போர்னிலிருந்து சிட்னி, திருச்சியிலிருந்து மெட்ராஸைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தூரம். எனக்கு அது தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மாடிவீட்டு சாரின் மகன் பெர்த்தில் இருக்கிறான். அது ஆஸ்திரேலியாவின் அந்தக் கோடி. சார் அவனுக்கு இந்த வருஷத்துத் தினசரி காலண்டரை வைத்தார். தகரம் அடித்த, செங்கல் கனத்துக் காலண்டர். ராகுகாலம் எமகண்டம் பார்க்காமல் பையன் கஷ்டப்படுகிறானாம். நம் ஊர் ராகுகாலம் அந்த ஊர் கடிகாரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை திருவெள்ளறையிலிருந்து நாத்தனார் வந்தார். சாக்குப்பையில் சுற்றி ஒரு இரும்புத் தோசைக்கல்.

"பழகின கல்லு அண்ணி. அங்க விக்கிற கல்லுல தோசை ஒட்டிக்கிட்டு எடுக்கவே வராதாம். பச்சை உடம்புக்காரி அதோட மல்லுக்கட்டிக்கிட்டு நிப்பாளா?"

"கனமா இருக்கே" என்றேன். என் வாழ்க்கையில் நான் நாத்தனாருக்குச் சொன்ன மிகப்பெரிய மறுப்பு அது.

"ரெண்டு கிலோ இடம் இருக்குன்னு அண்ணன் சொன்னுச்சே?"

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த இரண்டு கிலோவை மூன்று பேரும் தனித்தனியாகத் தமக்கென்று வைத்துக்கொண்டார்கள். மறுபடி எடை போடவும் வழியில்லை. நல்ல நேரத்தில் வைத்த பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்க மாமி விடமாட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவுக்காரரைப் பார்ப்பதுபோல் தினம் எதிர்வீட்டுக்குப் போய் என் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வீங்கியிருந்தது. ரெக்சின் உறையின் தையல் இழுத்துக்கொண்டு நின்றது. "என் தையல் விடாது" என்று வீட்டுக்காரர் பெருமைப்பட்டார்.

திங்கட்கிழமை காலை ஒரு கிண்ணம் தயிர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். மாம்பழச்சாலையில் நின்று நின்று, மன்னார்புரத்தில் வீட்டுக்காரரின் கடையை எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஏர்போர்ட் வந்து சேர்ந்தோம். வாசலோடு மற்றவர்கள் நின்றுவிட வேண்டும். டிக்கெட் உள்ளவர்தான் உள்ளே போகலாம். உள்ளே போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து எல்லோரிடமும் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சார் சொல்லியிருந்தார். ரயில்வேயில் அப்படித்தானாம்.

கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை எடைமேடையில் ஏற்றச் சொன்னாள். நம்பரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, ஏழு கிலோ கூட இருக்கு. குறைக்கணும், இல்லன்னா பணம் கட்டணும்." தொகையையும் சொன்னாள். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. "ஓரமா போய்க் கொஞ்சம் சாமானை எடுத்துட்டு வாங்க ஆண்ட்டி. நேரம் இருக்கு, பயப்படாதீங்க."

வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்யலாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிச் சுவரோரம் போனேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொத்த வேனும் நின்றுகொண்டிருந்தது. பெட்டியைக் கவிழ்த்து, ஜிப்பைத் தேடித் திறந்தேன். போன் அடித்தது.

"என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். போன் அவர் கையிலிருந்து போய்விட்டது.

"அண்ணி, அடியில பழைய சேலை வச்சிருக்கீங்கல்ல, அதை எடுத்துப் போடுங்க. கந்தைத் துணியைப் போயி கடல் தாண்டித் தூக்கிட்டுப் போவாங்களா?"

அடுத்து சார். "ஆமாம்மா. துணிதான் எடை ஜாஸ்தி."

வெள்ளிக்கிழமையிலிருந்து அவர்கள் எல்லோரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. நானும் பழக்கதோஷத்தில் குனிந்து இரண்டு சேலைகளை உருவித் தரையில் வைத்துவிட்டேன். ஒன்று நீலம், ஒன்று வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறம். மூன்றாவதில் கைவைத்தபோது மாமியின் குரல் வந்தது.

"கிளம்பின பெட்டிதான், எடுக்கப்படாதுதான். ஆனா பழந்துணிக்கு தோஷமில்லைடிம்மா, எடு."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"மாமி, அதை எடுக்கலாம்னா எல்லாத்தையும் எடுக்கலாம்தானே. இது என் பொண்ணு கேட்டதுங்க."

சொல்லிவிட்டுப் போனை அணைத்துக் கைப்பையில் போட்டேன். நடுவில் அவ்வளவு கனமான கண்ணாடி இல்லாதிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

முதலில் தோசைக்கல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் நெஞ்சில் கைவைத்தார். காலண்டரை எடுத்தபோது சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பளக்கட்டும் வடாமும் எடுத்தேன். மாமி உதட்டை அசைத்து ஏதோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. நார்த்தங்காய் பாட்டிலை மட்டும் விட்டுவைத்தேன். மாமியை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறதே. சேலைகளை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தேன். கவுண்டரில் மறுபடி ஏற்றியபோது எடை சரியாக இருந்தது.

எடுத்த சாமானை வாசலில் ஒப்படைக்கவேண்டும். காவலுக்கு நின்ற சிப்பாய் வீட்டுக்காரரை மட்டும் வாசல் வரை விட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. தெரு முழுக்க ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த "போயிட்டு வரேங்க"வை இவருக்குச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். சாமானை நீட்டும்போது வாயில் வந்தது இதுதான்:

"தோசைக்கல்லு கனம், கால்ல போட்டுக்காம பிடிங்க."

"சரி" என்றார் அவர். கொஞ்சம் நின்றார். "உறையை ஒழுங்கா மாட்டினியா?"

"மாட்டிட்டேன்."

சிப்பாய் உள்ளே போகச் சொன்னார். போனேன். ப்ளேன் எந்தத் திசையில் ஏறியது என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மெல்போர்னில் இறங்கினேன். நல்ல வெயில். அங்கிருந்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே விடக்கூடாது என்று நார்த்தங்காயை எடுத்துக்கொண்டார். சேலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் மகள் அவற்றை எல்லாம் வாஷிங் மெஷினில் போட்டாள்.