தனலெட்சுமியின் தையல் இயந்திரத்துக்கு ஒரு வீடு

2024 மார்ச் 9, சனிக்கிழமை. ஈப்போவில் நண்பகல்வரை வெயில் கொளுத்தியது. மூன்று மணிக்கு மேல் பெய்த மழையில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணுக்கே தெரியவில்லை. பொருளை விற்பது ஒரு தொழில் என்றால், அதை இலவசமாகக் கொடுப்பது அதனினும் கடினமான தொழில் என்பதை அன்றுதான் கற்கத் தொடங்கினேன்.

வீட்டில் பெரிய பொருளொன்றை வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் விழிக்கும் அன்பர்களுக்கு என் நிலை எளிதில் விளங்கும். வீட்டை விற்றுவிட்டேன். ஏப்ரல் இறுதிக்குள் சாவியை ஒப்படைத்துவிட்டு, கிள்ளானில் மகள் பூங்கொடியின் பதினோராம் மாடி அடுக்ககத்துக்குக் குடிபோக வேண்டும். கட்டிலும் அலமாரியும் ஒரே வாரத்தில் போய்விட்டன. எஞ்சியது என் மனைவி தனலெட்சுமியின் தையல் இயந்திரம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஊரைவிட்டுப் போன கிராணியின், அதாவது தோட்ட அலுவலக எழுத்தரின், குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. வாங்கும்போதே அதற்கு வயது அதிகம். காலால் மிதித்து ஓட்டுவது. அவள் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆயின.

குடியிருப்பாளர்களின் புலனக் குழுவில், அதாவது எல்லாரும் வாட்ஸ்அப் என்று சொல்வதில், ஓர் அறிவிப்பு எழுதி, இரண்டு முறை படித்துப் பிழை நீக்கி வெளியிட்டேன். "மிதித்து இயக்கும் பழைய தையல் இயந்திரம். இலவசம். பெறுபவர் தைக்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். நேரில் வந்து ஒரு வரி தைத்துக் காட்டுதல் வேண்டும்." அது எந்த வீட்டுக்குப் போனாலும் ஓட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு விருப்பம் இல்லை.

கால் மட்டும்

முதலில் வந்தவர் பழைய நகரத்தில் கோப்பிக் கடை நடத்தும் இளைஞர். தலைமுடியை உச்சியில் கொண்டையாக முடிந்திருந்தார். இயந்திரத்தின் முன் முழங்காலிட்டு, வார்ப்பிரும்புக் கால்களையும் அவற்றின் பூவேலையையும் ஏழெட்டுப் படங்கள் எடுத்தார். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. "உங்கள் வீட்டில் யார் தைப்பார்கள்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடையில் இதைப்போல் ஏற்கெனவே நான்கு வைத்திருப்பதாகவும், மேலே பளிங்குப் பலகை போட்டால் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து கோப்பி குடிக்க வசதியாக இருக்கும் என்றும் விளக்கினார். தைக்கும் பகுதியை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, பெரிய மனத்தோடு எனக்கே விட்டுக்கொடுத்தார்: "தலைய நீங்களே வச்சுக்குங்க சார், எனக்குக் காலு மட்டும் போதும்லா."

பதினோராம் மாடியிலிருந்து

அடுத்த மூன்று வாரங்களில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் தம் துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அலங்காரமாக நிறுத்தக் கேட்டார். ஒருவர் மேலே தொலைக்காட்சி வைக்கக் கேட்டார். பொத்தான் தைக்கத் தெரிந்த ஒருவர், மற்றவற்றைப் போகப்போகக் கற்றுக்கொள்வதாக உறுதியளித்தார். எல்லாருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

பூங்கொடி நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பாள். அவள் வீட்டில் ஒரு மூலையில் வைக்க முடியுமா என்று நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். மூலையில் துணி துவைக்கும் இயந்திரம் இருப்பதாகச் சொன்னாள். வந்தவர்களையும் அவரவர் குறைகளையும் நான் வரிசைப்படுத்திச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, அவள் சொன்னது இது: "அப்பா, நீங்க மிஷினுக்கு வீடு தேடுறீங்களா, மாப்பிள்ள தேடுறீங்களா?"

பதினெட்டு ஆண்டுக் கழுத்துப்பட்டை

சுமதி கமுந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகச் சட்டையின் கழுத்துப்பட்டையை மட்டுமே தைத்தவர். ஒரு முழுச் சட்டையை வீட்டில் உட்கார்ந்து தைத்துப் பார்க்க ஆசை என்றார். உட்கார்ந்த விதத்திலேயே அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன். மூடியிருந்த விரிப்பை விலக்கினார். அடியிலிருந்த துணியை எடுக்கக் கை நீட்டினார். "அதைத் தொடாதீர்கள்" என்றேன். வகுப்பறைக் குரல் தானாகவே வந்துவிட்டது.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அந்த இயந்திரத்தில், ஊசி குத்தியபடியே, என் வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. நான் இளைத்துவிட்டேன் என்று தனலெட்சுமி அதன் பக்கத் தையலை உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் பாதியில் எழுந்து போனவள், அடுக்களையிலேயே விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அந்த ஊசியைத் தூக்கவில்லை. மேலே விரிப்பைப் போட்டு மூடி, வாரந்தோறும் தூசி தட்டினேன், அவ்வளவுதான். முன்பு வந்தவர்களில் எவரும் தைத்துக் காட்டும் அளவுக்குப் போகாததால் இந்தச் சிக்கல் வெளிப்படவில்லை. சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து, கோபமில்லாமலேயே சொன்னார்: "தைச்சுக் காட்டணும்னு போட்டிருக்கீங்க. துணிய எடுக்கவும் கூடாதுங்கிறீங்க. பின்ன நான் எங்க சார் தைக்கிறது?"

எண்ணெய்

சுமதி போன பிறகு எனக்கு ஐயம் வந்தது: இயந்திரம் இன்னும் ஓடுமா? பழுதுபார்க்கும் ஆ சூன் அவர்களை அழைத்தேன். எங்கள் தோட்டத்துக்கு வெளியே மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்தாடியே தமிழ் கற்றவர். தோல்வாரை மாற்றினார்; துளை துளையாக எண்ணெய் விட்டார். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஊசியைத் தூக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஊசியைச் சுற்றித் துணியில் பழுப்பாக ஒரு புள்ளி இறங்கியிருப்பதை விளக்கடித்துக் காட்டினார்.

காரணத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எண்ணெய்க் குப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "துரு பிடிச்சா சட்டையும் கெட்டுப் போகும், மிஷினும் கெட்டுப் போகும். நீங்க எதக் காப்பாத்துறீங்கன்னு எனக்குப் புரியல வாத்தியாரே."

மீன் லோரியில் வந்தவர்

ஏப்ரல் மூன்றாம் வாரம். ஆயர் தாவாரிலிருந்து ராணி என்பவர் வந்தார். ஐம்பதைக் கடந்தவர், செம்பனைத் தோட்டத்தில் நாற்றுப் பண்ணை வேலை. அவருடைய மருமகன், மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஈப்போவுக்கு மீன் ஏற்றி வருபவர். திரும்பும் லோரி காலியாகத்தான் போகும் என்பதால், இயந்திரம் கிடைத்துவிட்டதாகவே எண்ணி ராணி கயிறும் கோணியும் கொண்டு வந்திருந்தார். வீட்டில் மின்சார இயந்திரம் ஒன்று இருக்கிறதாம். "அது நம்மள இழுத்துக்கிட்டு ஓடுது சார், எனக்குச் சரிப்படல" என்றார்.

உட்கார்ந்தார். சட்டையைப் பார்த்தார். கை வைக்காமல், "யாரு சட்ட?" என்றார்.

"என்னுடையது."

"அக்கா தச்சதா?"

"ஆமாம். கடைசியாக."

அவர் குனிந்து, தைத்த பகுதியை விரலால் தடவாமல் கண்ணாலேயே அளந்தார். "நேரா வந்திருக்கு. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. எடுக்க வேணாம் சார். இருக்கிற எடத்துலேருந்தே முடிச்சுத் தரட்டா?"

இப்படி ஒரு வழி இருப்பது இரண்டு ஆண்டுகளாக எனக்குத் தோன்றவே இல்லை. சரி என்று தலையை அசைத்தேன். அவர் வலக்கையால் சக்கரத்தைத் தம் பக்கமாக மெல்லத் திருப்பினார். ஊசி முனகிக்கொண்டு மேலே வந்தது. கால் மிதிபலகையில் ஏறியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஓசை வீட்டில் கேட்டது. நான்கு விரற்கடை பாக்கி இருக்கும்போது ராணி நிறுத்தினார். அடியில் தனலெட்சுமி சுற்றி வைத்திருந்த நூல் தீர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றால் அப்படியே எழுந்துவிடுவார் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. நானே இழுப்பறையைத் திறந்தேன். வெள்ளை நூற்கண்டு ஒன்றைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெள்ளதான் சார், ஆனா அதே வெள்ள இல்ல. உள்பக்கந்தான, யாரு பாக்கப் போறா?"

பிறகு நடந்தது

ராணி மீதித் தையலை முடித்துச் சட்டையை என் கையில் தந்தார். அன்று மாலையே இயந்திரம் கோணி சுற்றப்பட்டு, காலி மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஆயர் தாவாருக்குப் போனது. ஏப்ரல் 30 அன்று சாவியை ஒப்படைத்தேன். இப்போது கிள்ளானில் இருக்கிறேன். ஆகஸ்டில் சித்தியவான் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போனபோது ராணியின் வீட்டுக்கும் போனேன். வாசலை அடையும் முன்பே ஓசை கேட்டது. வங்காளதேசத் தொழிலாளர் ஒருவரின் காற்சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலேயே உட்காரச் சொன்னார். அவர் வேகமாக, ஒரே சீராக மிதிக்கிறார். தனலெட்சுமி அப்படி மிதிக்க மாட்டாள். இடையிடையே நிறுத்தி என்னிடம் ஏதாவது கேட்பாள், விடைத்தாள் திருத்துகிறேன் என்று நான் பதில் சொல்வேன். தேநீர் குடித்துவிட்டு விடைபெற்றேன்.

பன்னிரண்டு பேரைக் கண்டிப்பாகச் சோதித்துத் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுத்ததாகவே உறவினரிடமெல்லாம் சொல்லிவருகிறேன். ஆறு வாரமும் சோதிக்கப்பட்டவன் நான் ஒருவன்தான் என்பதை ராணியாவது வெளியே சொல்லாமல் இருக்க வேண்டும்.