பறக்காத கிளிகளுக்கு ஒரு வீடு

போன வாரம் கல்முனையில் மருந்து வாங்கப் போன கடையின் வாசலில், சக்கர நாற்காலி ஏறுவதற்குப் புதிதாக ஒரு சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். பளபளவென்று அலுமினியத் தகடு. பார்த்ததுமே எனக்குக் கால் கூசியது. "தம்பி, இது வழுக்கும். மேல சொரசொரப்பா ஏதாவது ஒட்டுங்க. சரிவும் கூடிப் போச்சு" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க என்ன, இஞ்சினியரா?" என்று கேட்டார். இல்லை, கிளிக்குக் கட்டின பழக்கம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் முழுக் கதையையும் சொல்லவேண்டி வரும். மருந்துக்கு நிற்கிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு அவசரம் இல்லைதானே.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணம் முடித்தால் இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். அவள் பெயரில் எழுதி, அவளுக்குப் பிடித்த நிறம் பூசி, வீடு தயாராக நிற்கும். நாங்கள் போய் நுழைவோம். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. கோழியில் நல்ல துண்டெல்லாம் என் பீங்கானுக்கே வரும்படி மாமி பார்த்துக்கொண்டார். ஆனால் மரியாதை வேறு, இடம் வேறு. சாய்ந்தமருதில் ஜெஸீமாவின் வீட்டுக்குப் போன முதல் நாளே, முன் விறாந்தையின் கிழக்கு மூலையில் கடல் காற்று நேராக வந்து விழுவதைக் கண்டுபிடித்து, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டேன்.

"அவடத்த போடாதீங்க மச்சான்" என்றாள் என் புது மனைவி. "அது அதுகள்ட இடம்."

என்னோடு அவள் கதைத்த முதல் கதை அதுதான். அதுகள் என்றால் இரண்டு கிளிகள். ஒன்று, இறக்காமத்தில் மாமாவின் வயலுக்குப் பக்கத்தில் யாரோ கட்டிய வலையில் சிக்கிச் சிறகு ஒடிந்துபோன கிழட்டுப் பெண்கிளி. வந்த ஊரை வைத்தே அதை இறக்காமத்தா என்று கூப்பிட்டார்கள். மற்றது சீனி. பொந்தோடு தென்னை முறிந்து விழுந்தபோது இறகு முளைக்காத குஞ்சாகக் கிடைத்தது. அதன் கால்கள் இரண்டும் உடம்புக்குக் கீழே நிற்காமல் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்திருந்தன. நிற்காது, வயிற்றால் தவழும். பயற்றம் மாவைக் கரைத்து ஊட்டி ஜெஸீமாதான் அதை ஆளாக்கியிருந்தாள். இரண்டும் பழைய துவாய் விரித்த ஒரு மரக்கறிப் பெட்டிக்குள் குடியிருந்தன.

புதுப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டாள். நியாயம்தான். ஆனால் அதே பெண் சீனியின் சொண்டில் மூக்கை வைத்துக்கொண்டு பொழுதுக்கும் கதை சொல்வாள். வெட்கமெல்லாம் எனக்கு, முத்தமெல்லாம் சீனிக்கு. ஒரு சாண் பறவையைப் பார்த்து வயிறு எரிகிறவனை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். நான் எரிந்தேன்.

அப்போது கல்முனையில் ஓர் அலுமினியப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கதவு, யன்னல், நகைக்கடைக் கண்ணாடி அலுமாரி எல்லாம் என் கை பட்டுப் போனவை. அரம் போட்ட அலுமினியத்துக்கு ஒரு வாசம் உண்டு. சாப்பிடும்போதுகூட விரலில் இருக்கும். சரி, கிளியின் வழியாகத்தான் இவளிடம் போக வேண்டும் என்றால் அப்படியே போவோம் என்று ஒரு கூடு கட்டினேன். ஆள் உயரம். உச்சியில் பள்ளிவாசல் போல ஒரு குவிமாடம். உள்ளே ஏறி ஏறிப் போவதற்கு வழுவழுப்பான குழாய்கள். கீழே மினுக்கிய தகடு. சின்னப் பட்டா லொறி ஒன்றில் அதைக் கொண்டுவந்து இறக்கியபோது அயல் சனமெல்லாம் கூடிவிட்டது. கல்யாணத்தன்று என்னைப் பார்க்கக்கூட அவ்வளவு பேர் வரவில்லை.

இறக்காமத்தா சொண்டாலும் நகத்தாலும் கம்பியைக் கவ்விக் கவ்வி நேரே குவிமாடத்துக்கு ஏறினாள். சனம் ஆகா என்றது. அங்கே போய்ச் சேர்ந்ததும், தன் சிறகு ஒடிந்ததை மறந்துவிட்டாளோ என்னவோ, பாய்ந்தாள். தகட்டில் விழுந்த சத்தம் ஒழுங்கை முனை வரை கேட்டிருக்கும். சீனியோ அந்தத் தகட்டில் ஐஸ் மேல் போட்ட மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு மூலைக்கு மூலை போனது. ஜெஸீமா இரண்டையும் அள்ளிச் சால்வைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் அந்தப் பார்வையை நான் கேட்கவில்லை.

"என்னத்துக்கு மச்சான் இவ்வளவு ஒசரம்? பறக்கிற கிளிக்குத்தானே ஒசரம் வேணும். இதுகளுக்கு அகலம்தான் வேணும். உழுந்தாலும் நோகாத மாதிரிக் கட்டித் தாங்க."

குவிமாடத்தை அறுத்துத் தள்ளினேன். கூட்டை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, ஒரு கட்டில் அளவுக்கு அகலமாக்கினேன். குழாய்களைக் கழற்றிவிட்டுக் கொய்யாக் கிளைகள் வைத்தோம், ஒன்று பருத்தது, ஒன்று மெலிந்தது. ஒரே பருமனில் எப்போதும் நின்றால் பாதத்தின் அடியில் புண் வருமாம். எல்லாம் நிலத்தோடு ஒட்டிய மாதிரி, தவறி விழுந்தாலும் ஒரு சாணுக்கு மேல் போகாது. கிளைகளுக்குச் சுற்ற மெத்தென்ற பருத்தித் துணி தேவைப்பட்டது. தோய்த்துத் தோய்த்துப் பழகிய என் சாரன்தான் அதற்குத் தோதாம். சீனிக்குக் கிளையே இல்லை. ஒரு தட்டைப் பலகை, அதற்கு ஏற ஒரு மெல்லிய சரிவு. நெஞ்சு மட்டத்தில் தீனித் தட்டு. நடுவில் வளையமாகச் சுருட்டிய ஒரு துவாய். அதற்குள் உட்கார்ந்தால் விரிந்த கால்கள் இரண்டும் உள்ளே ஒடுங்கும். அப்போதுதான் முதல் முறையாக அது தலை நிமிர்ந்து இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

சந்தோஷம் நிலைக்க விட்டால்தானே. சரிவில் என்ன விரித்தாலும் சீனி வழுக்கியது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் ஜெஸீமா வாசலிலேயே நிற்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. "மச்சான், பன்பாயில வழுக்கல்ல!" உள்ளே போய்ப் பார்த்தேன். என் உம்மா சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் வைத்து, பன்புல்லில் எனக்கென்று இழைத்துத் தந்த கல்யாணப் பாய் கத்தரிக்கோலால் துண்டாடப்பட்டிருந்தது. சீனி அதில் நகத்தைப் பதித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. உம்மா வந்து பார்க்கட்டும், அப்போது தெரியும் சங்கதி என்று காத்திருந்தேன். உம்மா வந்தார். கூட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். "இன்னொரு பாய் இழச்சித் தரட்டா மகள்?" என்று கேட்டார். என் உம்மாவையும் கிளிகள் பிடித்துக்கொண்டுவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் கட்டாருக்கு விசா வந்தது. எனக்குப் போக விருப்பமில்லை. ஜெஸீமா "போகாதீங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டிருப்பேன். இந்த வீட்டில் நான் வேண்டியவனா, வந்து தங்கியிருப்பவனா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சாப்பிடும்போது விசாக் கதையை எடுத்தேன். படுக்கும்போது எடுத்தேன். "ஒங்கட விருப்பம் மச்சான்" என்றாள். சீனிக்கு வயிற்றால் போனபோது கண் வீங்க அழுதவள், புருஷன் கடல் தாண்டிப் போவதற்கு ஒரு சொட்டு விடவில்லை. போனேன்.

அங்கே வேலை நேரமும் இங்கே அவள் நேரமும் பொருந்தாது. ஆகவே குரலைப் பதிந்து அனுப்புவேன். எனக்கு ஒரு பழக்கம், தொண்டையைச் செருமாமல் கதை வராது. "ஹ்ம்... புள்ள, சாப்புட்டயா?" அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அவள் பதிலுக்குக் கிளிப் படம் அனுப்புவாள். வீடியோவில் வந்தாலும் தன் முகத்தைக் காட்டிய கையோடு போனைக் கூட்டுப் பக்கம் திருப்பிவிடுவாள். "இஞ்ச பாருங்க, சீனி மாதுளம்பழம் திங்குது." நான் தொழிலாளர் முகாமில் காய்ந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கிளி மாதுளம்பழம் தின்பதைப் பார்ப்பேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் திரும்பி வந்தேன். சாய்ந்தமருதில் ஓட்டோவை அனுப்பிவிட்டுக் கேற்றடியில் நின்று, செருமிக்கொண்டு, "புள்ள, சாப்புட்டயா?" என்று கூப்பிட்டேன்.

"சும்மா கிட வாப்பா, இப்பதானே தந்த" என்று உள்ளேயிருந்து ஜெஸீமாவின் குரல் வந்தது.

யாருக்கு என்ன தந்தாள்? யாரை இவ்வளவு செல்லமாக வாப்பா என்கிறாள்? இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். நான் வாயை மூடுமுன் விறாந்தையிலிருந்து ஒரு செருமல். பிறகு என் குரலிலேயே, என் இழுவையோடு, "புள்ள, சாப்புட்டயா?" நான் கேற்றுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே நான் கேட்கிறேன். குசினியில் ஒரு சட்டி விழுந்தது. ஜெஸீமா தலையில் முந்தானைகூட இல்லாமல் ஓடி வந்தாள்.

"இந்தச் சனியனுக்கு ஆரு இதப் பழக்கின?" என்று கேட்டேன். அவள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மாமிதான் சொன்னார். "ஆரும் பழக்கல்ல மருமகன். நீங்க அனுப்புறத்த இவ கூட்டடியில குந்திக்கிட்டு திருப்பித் திருப்பிப் போட்டுக் கேப்பா. கிளிக்குப் பாடமாப் பெயித்து."

கிளி ஒரு தரம் கேட்டுப் படிப்பதில்லை. வளர்த்தவர்களுக்கு அது தெரியும். நான் கூட்டடியில் போய்க் குந்தினேன். சீனி துவாய் வளையத்துக்குள் இருந்தபடி தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. திரும்பப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவள் என் குரலைக் கேட்டிருந்த அத்தனை பொழுதிலும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது நான் இல்லையே, சீனிதானே.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வேலை முடிந்து வந்து நான் கேட்பேன். அடுத்ததாகச் சீனி கேட்கும். ஜெஸீமா அதன் பிறகுதான் சிரித்துக்கொண்டு, "ஓம், சாப்புட்டன்" என்பாள். அந்தப் பதில் எங்கள் இரண்டு பேரில் யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயம்.

இறக்காமத்தா ஒரு மாரிக் குளிரில் போனாள். சீனி அதற்குப் பிறகும் இருந்து, போன வருடம் நோன்புக்கு முன்னால், துவாய் வளையத்துக்குள் தூங்கியபடியே போய்விட்டது. கூட்டைக் கழற்றிக் கழுவி, தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். பட்டறையும் இப்போது இல்லை, அங்கே போன் திருத்துகிறார்கள். காற்று வரும் அந்த மூலை எனக்குக் கிடைத்துவிட்டது. கதிரை போட்டுத்தான் இருக்கிறேன்.

இப்போதும் வீட்டுக்கு வந்ததும், "புள்ள, சாப்புட்டயா?" என்று கேட்கிறேன். ஜெஸீமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் உடனே பதில் சொல்வதில்லை. அந்த மூலையிலிருந்து இன்னொரு தரம் கேட்கும் என்பது போலக் காது கொடுத்து நிற்கிறாள்.