உள்ளே வந்த பதிவு இல்லாத பொருள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய வீடியோ கேம் கன்ட்ரோலர் கிடக்கிறது. டி.வி.யில் செருகி விளையாடும்படி ஒரு காலத்தில் எல்லாக் கடைகளிலும் விற்ற மலிவுச் சரக்கு. இடப்பக்கம் கூட்டல் குறி போல ஒரு விசை, வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான்கள். ஒரு பொத்தானின் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் அந்த இடம் தேயாது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தினால்தான் தேயும்.

அப்படி அழுத்தியவள், ஒரகடம் பக்கம் நான் மேலாளராக இருந்த தொழிற்சாலையின் லைன் லீடர். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த ஒப்பந்தத் தொழிலாளி. சுங்குவார்சத்திரத்தில் தோழிகளோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். வாய் சும்மா இருக்காது. ஷிப்ட் பஸ் கவிழ்ந்ததில் அவள் வலக்கை விரல்கள் நசுங்கின. ஆறித் திரும்பி வந்தபோது அவை மடங்கவில்லை. லைனின் கடைசிச் சோதனை மேசையும் அவள் பொறுப்புதான். திரையில் சர்க்யூட் போர்டின் படம் பெரிதாகத் தெரியும். குறையுள்ள இடத்துக்கு அம்புக்குறியை நகர்த்தி அழுத்த வேண்டும். மவுஸைப் பிடிக்க முடியவில்லை. இடக்கையால் முயன்றாள், லைன் தேங்கியது. இப்படியே போனால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளை அனுப்பிவிடுவார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"வெரலு மடங்கலைன்னா என்ன சார், தம்பியும் நானும் வெளையாண்ட கன்ட்ரோலரு வீட்ல கெடக்கு. மவுஸுக்குப் பதிலா அத மாட்டிக்கிடுதேன்" என்றாள்.

தகவல் வெளியே போகக் கூடாது என்று எங்கள் கணினிகளின் யு.எஸ்.பி. துளைகளை எல்லாம் சீல் வைத்து அடைத்திருந்தோம். "துளையைத் தொடக்கூடாது. வேற வழி இருந்தா பாரு" என்றேன்.

வேறு வழியைக் கண்டுபிடித்தாள். கன்ட்ரோலரின் வயரை ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் பற்றவைத்து, அதை லைனின் நெட்வொர்க்கில் சேர்ப்பது. பொத்தானை அழுத்தினால் அது நெட்வொர்க் வழியே போய்ச் சோதனைக் கணினியில் மவுஸ் அழுத்தமாக விழும். சீலைத் தொட வேண்டியதில்லை. அதை எடுத்து வந்த காலையில் வாயிலில் காவலாளி மறித்தார். மணிமங்கலத்துக்காரர். "இன்னாம்மா இது, லைன்ல குந்திகினு வெளையாடப் போறியா?"

"ஆமாண்ணே, நீங்களும் வாங்க. இது ரெண்டு பேரு ஆடுறது."

வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளையும் வாயிலில் பதிந்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். பதிந்தால் மேலிடத்தில் கேள்வி வரும். காவலாளி போனில் கேட்டபோது, "எழுத வேண்டாம், விடுப்பா" என்றேன். அன்று அது எனக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது.

இடக்கைக் கட்டைவிரல் விசையில், வலது உள்ளங்கை பொத்தானில். சில நாட்களில் லைன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. "பத்து வெரலு வச்சிருக்கவங்க எல்லாம் பின்னால வாங்க" என்று பக்கத்து லைனைச் சீண்டுவாள்.

பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கை வந்தது. நெட்வொர்க்கில் கணக்கில் இல்லாத ஒரு சாதனம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கூட்ட அறைக்கு அவளையும் கூப்பிட்டு, யார் அனுமதித்தது என்று கேட்டார்கள். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியாது" என்றேன். கதவோரம் நின்றவள் என்னைப் பார்த்தாள். "நானாத்தான் கொண்டாந்தேன்" என்றாள். பின்னால் நான் எப்படியும் சரிசெய்துவிடுவேன் என்று நம்பியிருக்க வேண்டும். அப்படி நம்பும்படிதான் அதுவரை பேசி வந்திருந்தேன்.

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாயிலில் காவலாளி கன்ட்ரோலரை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே வந்த பதிவு இல்லாத பொருள் வெளியே போக முடியாது; அது கம்பெனிப் பொருள் ஆகிவிடும். "நான் இன்னாம்மா பண்றது, சார் ஒரு கையெழுத்து போட்டா வுட்டுடுவேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கார் வந்து நின்றது.

அவள் ஜன்னலருகே வந்தாள். "வேலை போனா போவுது சார். இது தம்பியோடது. ஒரு கையெழுத்துதான கேக்கேன்."

கையெழுத்துப் போட்டால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். "அது விசாரணைல இருக்கற பொருள்மா" என்றேன்.

ஸ்டியரிங்மேல் இருந்த என் கைகளைப் பார்த்தாள். "என் கைக்குத்தான் அடிபட்டுச்சு. ஒங்க கைக்கு என்ன சார்?"

காவலாளி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. கன்ட்ரோலர் காவலாளியின் அறையிலேயே கிடந்தது. நான் ஓய்வு பெற்ற நாளில், மாலையும் சால்வையுமாகக் காரில் ஏறியபோது, அவர் அதைக் கொண்டுவந்து பக்கத்து இருக்கையில் வைத்தார். "எடுத்துகினு போங்க சார். உங்க வண்டிய எவன் செக் பண்ணப் போறான்" என்றார். சொல்லிவிட்டு சல்யூட் அடித்தார்.

அவளைத் தேடி அலைந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தேடவில்லை. ஊர் தெரியும், விசாரித்தால் வீடும் தெரிந்திருக்கும். பார்சலில் அனுப்பியிருக்கலாம். அனுப்புபவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

இன்று காலை பேனா தேடி இழுப்பறையைத் திறந்தபோது கன்ட்ரோலர் கையில் பட்டது. எடுத்து, அவள் பிடித்தது போலப் பிடித்துப் பார்த்தேன். தேய்ந்த ஓரத்தில் என் உள்ளங்கை சரியாக உட்காரவில்லை. வயதாகிவிட்டாலும் விரல்கள் பத்தும் நன்றாக மடங்குகின்றன. என் கைக்கு ஒன்றும் இல்லை.