மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி

லோகேஸ்வரன் பொறுப்பு முதல்வராக உட்கார்ந்த அன்று டிசைன் பள்ளி முழுக்கக் கேசரி கொடுத்தார்கள். அங்கே ஆசிரியராக இருந்த சிவபாலன் மட்டும் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி வாங்கவில்லை. சர்க்கரையாவது ஒன்றாவது! வயிற்றெரிச்சல்.

எரியாமல் என்ன செய்யும்? சிவபாலன் பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்தவர். புடவைக்கு டிசைன் போடுவதில் மூன்று தலைமுறை. லோகேஸ்வரனோ தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நாலு தூரிகையோடு இந்த ஊருக்கு வந்தவன். கடைச் சுவர்களில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவனை தன் டிசைன் அறையில் சேர்த்துக்கொண்டதே சிவபாலன்தான். கட்டத் தாளில் ஒரு கட்டம் ஒரு இழை என்பதுகூட அவனுக்குத் தெரியாது. டிசைனைப் பார்த்துத் தறி அட்டையில் துளை அடிக்கிறவர் தாளைத் திருப்பிப் பிடித்தால் புடவையில் மயில் தலைகீழாகத் தொங்கும், அதனால் இடது மேல் மூலையில் சிவப்புப் புள்ளி வை என்று சிவபாலன்தான் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் அம்புக்குறி போடுவார்கள். புள்ளி அவருடைய வழக்கம்.

அப்புறம் அவன் ஏறிக்கொண்டே போனான். அவன் வரைந்த கடல் ஓவியங்களைச் சென்னையில் கண்காட்சி வைத்தார்கள். அதைப் பார்த்த ஒரு அறக்கட்டளை, தான் புதிதாகத் தொடங்கிய பள்ளிக்கு அவனை ஆசிரியராகக் கூப்பிட்டது. அவன் சொல்லித்தான் தன்னையும் எடுத்தார்கள் என்று நினைத்தாலே சிவபாலனுக்குச் சோறு இறங்காது. பாடத்திட்டம் அவன் எழுதியது. மாறாத அவன் யாழ்ப்பாணப் பேச்சைக்கூடப் பிள்ளைகள் ரசித்தார்கள். அடுத்த வாரம் முதல்வர் பதவிக்கு நிரந்தர உத்தரவு வரப்போகிறது.

"இன்னாத்துக்குங்க இப்டி புழுங்கிக்கினு இருக்கீங்க? அவரு பாட்டுக்கு அவரு வேலைய பாக்குறாரு" என்றாள் மனைவி கலாவதி.

"அது எனக்கு வர வேண்டிய நாற்காலிமா."

அறக்கட்டளைத் தலைவருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார். குடியுரிமை இல்லாத அகதியை முதல்வராக்கலாமா என்று ஒரே கேள்வி. கையெழுத்துத் தெரியாதிருக்க ஸ்கேல் வைத்து எழுதி, வாலாஜாபாத் வரை போய்த் தபாலில் போட்டார்.

மூன்றாம் நாள் லோகேஸ்வரன் அவரை அறைக்குக் கூப்பிட்டான். மேசைமேல் அந்தக் கடிதம் இருந்தது.

"தலைவர் அனுப்பியிருக்கிறார். ஆர் எழுதினது எண்டு கேக்கிறார்."

"எவனாவது வேல இல்லாதவன் எழுதிருப்பாம்பா. கிழிச்சிப் போடு."

லோகேஸ்வரன் கடிதத்தின் இடது மேல் மூலையில் விரல் வைத்தான். சிவப்புப் புள்ளி. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகவே வைத்துவிட்டிருந்தது.



"நானே எப்பவோ அம்புக்குறிக்கு மாறிப்போட்டன். நீங்கள் ஒராள்தான் இன்னும் வைக்கிறியள்" என்றான் லோகேஸ்வரன். "எனக்குத் தெரியாது எண்டு தலைவருக்குச் சொல்லிப்போட்டன். குடியுரிமை இல்லாததை நான் சேர்ந்த அண்டைக்கே அறக்கட்டளைக்காரரிட்டச் சொன்னனான்." கடிதத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினான். "போங்கோ, வகுப்புக்கு நேரமாச்சு."

சிவபாலன் கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவரும் பதிலுக்குத் திட்டியிருப்பார். அந்த நாற்காலிக்கு அவனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.