பெருக்கக்கூடாத பாதை

போன திங்கட்கிழமையிலிருந்து நான் வாக்கிங் போவதில்லை. டாக்டர் கேட்டால் முழங்கால் வலி என்று சமாளித்துக்கொள்ளலாம். உங்களிடம் பொய் சொல்ல முடியுமா? காரணம் பயம். கலப்படமில்லாத, நயம் பயம்.

நான் வேலை பார்க்கும் கல்லூரி திருப்பதியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. வாரக்கடைசியில் மட்டும் சித்தூரில் இருக்கும் வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் குவார்ட்டர்ஸ் அறை, மெஸ் சாப்பாடு, எனக்கிருக்கும் சர்க்கரைக்காகக் காலையில் கல்லூரித் தோட்டத்தில் ஒரு நடை.

தோட்டம் என்றதும் புல்தரை, வட்டமாக வெட்டிவிட்ட குரோட்டன்ஸ், நடுவில் ஒரு நீரூற்று என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பெங்களூரிலிருந்து ஒரு டிசைனர் வந்து போட்டுக்கொடுத்த ‘சஸ்டெய்னபிள்’ தோட்டம் இது. ஹாஸ்டல் பெண்கள் குளித்த தண்ணீர் கூழாங்கல், மணல், கல்வாழைப் பாத்தி எல்லாம் தாண்டி, சுத்தமாகி ஒரு குட்டைக்குப் போகும். மழைத் தண்ணீரும் அங்கேதான். மலையில் தானாக வளரும் மரங்கள் மட்டும்தான் வைக்கலாம் — புங்கன், நாவல், செம்மரம். மருந்தடிக்கக் கூடாது. சருகைக் கொளுத்தக் கூடாது. மண் பாதையைப் பெருக்கவே கூடாது. விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மட்க வேண்டும். பூச்சிகளுக்குத் தொந்தரவு என்பதால் ராத்திரி விளக்கும் கிடையாது. மெஸ்ஸில் மிஞ்சும் சோறும் குழம்பும் ஒரு மூலையில் குழியில் கிடந்து உரமாகும்.

இதையெல்லாம் கட்டிக் காப்பவர் கன்னியப்பன். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமம். காண்ட்ராக்ட் வேலை. ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். இங்கே முதல் கன்றை நட்டதிலிருந்து இவர் கைதான்.

“எங்க ஊர்ல எனக்கு ஒரு சாண் நெலம் கெடையாது சார். இத்தான் என்னுது” என்பார். கல்லூரி நிர்வாகம் கேட்டால் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அவருடைய மகள் தேவியும் இங்கேதான் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண்.

கொஞ்ச நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. பெருக்கவே கூடாத பாதையைக் கன்னியப்பன் விடிகாலையிலேயே வந்து பெருக்கிக்கொண்டிருந்தார். அதற்காகவே மெஸ் வேன் டிரைவரோடு முந்தின நாளே தங்கிவிடுவாராம். நான் போகும்போது பாதை விபூதி பூசிய நெற்றி மாதிரி இருக்கும்.

“என்னப்பா, டிசைனர் அம்மா பார்த்தா சண்டைக்கு வருவாங்களே?”

“தூசி சார். பொண்ணுங்க நடக்கிற எடம்.”

சரி, மனுஷனுக்குச் சுத்தத்தில் ஒரு பித்து என்று விட்டுவிட்டேன்.

போன திங்களன்று சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். முந்தின நாள் மழை தூறியிருந்தது. பொழுது சரியாகப் புலரவில்லை. பையை அறையில் போட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். அன்றைக்குக் கன்னியப்பனை முந்திக்கொண்டேன்.

குட்டையோரம் ஈர மண்ணில் கால்தடம். என் உள்ளங்கை அளவுக்கு, வட்டமாக. ஒன்று... அதற்கு முன்னால் இன்னொன்று... வரிசையாகப் போய், ஹாஸ்டல் பெண்கள் சாயங்காலம் புத்தகத்தோடு உட்காரும் கல்படி வரைக்கும் போயிருந்தது. படியில் ஏறியிருந்த ஈரம் இன்னும் காயவில்லை.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் இந்தப் பக்கம் வாக்கிங் வந்திருக்க மாட்டார். ஓட வேண்டும் என்று மூளை சொல்கிறது. எந்தப் பக்கம் ஓடுவது? அது எந்தப் பக்கம் இருக்கிறது?

பின்னால் சருகு சரசரத்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

கன்னியப்பன். கையில் துடைப்பம். என்னைப் பார்த்ததும் அவர் முகம்தான் செத்துப்போயிற்று.

“நாய்த் தடம்தானேப்பா இது?” என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. “நாய்க்கு நகம் பதியும் சார். இத்துல இல்ல பாரு. சிறுத்த.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“வந்துகினு போய்க்கினு கீது சார். சோத்துக் குழிக்கு நாய்ங்க வருது. நாய துன்ன அது வருது. மனுசன ஒண்ணியும் பண்ணாது.” சொல்லிக்கொண்டே துடைப்பத்தைப் போட ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வெளிய சொல்லாத சார். சொன்னா நாளைக்கே ஜேசிபி வரும். பொதர்னு சொல்லி அத்தினியும் வாரிப் போட்டுட்டு சிமென்ட் கல்லு பதிச்சிடுவாங்க. ஒவ்வொண்ணும் நான் தண்ணி சொமந்து ஊத்தி வளத்தது சார்.” எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் ‘சரி, போகட்டும்’ என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அப்புறம் என்ன தோன்றியதோ, கேட்டேன். “தேவி எந்த வழியா வகுப்புக்குப் போறா?”

கன்னியப்பன் துடைப்பத்தின் கட்டை இறுக்க ஆரம்பித்தார்.

“சொல்லுப்பா.”

“மெயின் ரோட்டு வழியா சுத்திப் போகச் சொல்லிக்கீறேன் சார்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

மனுஷனை ஒன்றும் பண்ணாதாம். தன் மகளுக்கு மட்டும் ரோடு. ஊரார் பெண்களுக்குக் குட்டையோரப் படி. எனக்குக் கோபம் வந்தது. கோபமா, பயமா? இரண்டும்தான். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. பயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் பூசணிக்காயைக் காட்டிவிட்டார். நம்மில் எத்தனை பேர் வேறு மாதிரி?

நேராக முதல்வர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைக் கேட்டார். “ஏமி காது மாஸ்டாரு... ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருது. இந்தத் தோட்டத்தைக் காட்டித்தான் நாம மார்க் வாங்கணும். போயிடட்டும், பார்ப்போம்” என்றார்.

அதாவது, இவருக்கும் ஒரு துடைப்பம் வேண்டும்.

“நீங்க ஃபாரஸ்ட்டுக்கு ஃபோன் பண்ணலேன்னா, டிஃபன் நேரத்துல மெஸ்ல நின்னு நான் சொல்லுவேன் சார்” என்றேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் படியில் ஏறியிருந்த ஈரம் கண்ணைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். அவர் ஃபோனை எடுத்தார்.

மதியத்துக்குள் வனத்துறை ஆட்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று மைக்கில் சொன்னார்கள். தோட்டத்து கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். மரங்களில் சின்னச் சின்னக் கேமராக்களைக் கட்டினார்கள். வந்த அதிகாரி இளைஞர், நிதானமானவர். மரத்தை வெட்ட வேண்டாம், சோற்றுக் குழிக்கு நல்ல மூடி போடுங்கள், நாய்கள் வராமல் பாருங்கள், பாதையோரம் மட்டும் புதரைக் கழித்துவிடுங்கள் என்று தெலுங்கில் விளக்கமாகச் சொன்னார். கன்னியப்பன் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெலுங்கு அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நம்பிக்கைதான் இல்லை.

“ஆபீசருங்க இன்னிக்கு இப்டி சொல்லுவாங்க சார். தினம் தினம் தடம் இருந்தா நாளைக்கு வேற சொல்லுவாங்க” என்றார் என்னிடம்.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் சிறுத்தை. அறை வாசலில் செருப்பைப் போடும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்தேன். சித்தூரிலிருந்து என் மனைவி ஃபோனில், “சர்க்கரை ஏறினா மாத்திரை இருக்கு. பேசாம உள்ளேயே கிடங்க” என்றாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக மறுபேச்சில்லாமல் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை, அதிகாரி எங்களை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார். கன்னியப்பனையும் வரச் சொல்லியிருந்தார். கேமராவில் விழுந்த படங்களை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நாய். மயில். மறுபடி நாய். சிறுத்தை குட்டையில் தண்ணீர் குடிக்கிறது. அடுத்த படத்தில் அவர் கை நின்றது.

“இது யாரு?” என்றார் தெலுங்கில்.

விடிகிற நேரத்துப் படம். பாதையில் ஒரு ஆள் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிறார். தோட்டத்து கேட்டுக்கு இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. தடமே இல்லையென்றால் வந்தவர்கள் கேமராவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், தோட்டம் தப்பிக்கும் என்பது அவர் கணக்கு. இருட்டில் கேமராவுக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

அவருக்குப் பின்னால், நாலு முழத் தொலைவில், செம்மரத்தடியில் அது உட்கார்ந்திருக்கிறது. முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு.

கன்னியப்பன் அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திறக்காமலேயே வாய்க்குக் கொண்டுபோனார்.

“முதுகுல சில்லுனு கீதேன்னு பாத்தேன் சார்” என்றார் மெதுவாக. “காத்துன்னு நெனச்சிக்கினேன்.”

தடத்தைப் பெருக்கிவிடலாம். ஆனால் தடம் வைத்தது முன்னால்தான் போயிருக்கிறது என்று நமக்கு யார் சொன்னது?