மருமகனின் இரத்தம்

நான் முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தபோது, நகரத்தின் மறுபக்கம் பக்குரங்காவில் இருக்கும் அம்மா ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுப்பார். சாப்பிட்டாயா, சத்தியெடுப்பது நின்றுவிட்டதா என்று தொடங்கி, கடைசியில் என் கணவரில் வந்து நிற்பார்.

“பிள்ளை, அவற்ற ஆக்களுக்கு ஏதோ இரத்த வருத்தம் இருக்காமே. ஒருக்காச் செக் பண்ணச் சொல்லன்.”

கணவர் ஜமைக்காவில் பிறந்தவர். ‘அவற்ற ஆக்கள்’ என்று அம்மா சொன்னது ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கேள்வியில் விஷயம் இல்லாமலும் இல்லை. அவருடைய தம்பியிடம் அரிவாள் செல் நோயைக் கடத்தும் மரபணு இருந்தது. இவர் சோதித்ததே இல்லை.

அதற்குள் என் பிரசவத்தைப் பார்க்கும் மிட்வைஃப் கூப்பிட்டார். என் இரத்தத்தில் தலசீமியா என்ற இரத்தக்குறைவு நோயின் மரபணு இருக்கிறதாம். சின்ன வயதில் என் கண் மடலை இழுத்துப் பார்த்து, இரத்தம் காணாதென்று அம்மா முருங்கையிலையும் ஈரலுமாகத் தீத்தியது ஏனென்று அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் தம்பியிடம் உள்ளது இவரிடமும் இருந்து, இரண்டும் பிள்ளையில் சேர்ந்தால் பெரிய நோய். நான் பயந்துபோனேன்.

“ஆப்பிரிக்க வம்சம்தானே, இவருக்கும் இருக்கும், என்ன?” என்று மிட்வைஃபிடம் கேட்டேன்.

“தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலகத்தில் வேறெந்த இடத்தையும் விட ஆப்பிரிக்காவுக்குள்தான் மரபணு வேற்றுமை அதிகம்” என்றார்.

சோதனைக்கு இரத்தம் கொடுக்கக் காத்திருந்தபோது கணவர் தன் பரம்பரையைப் பற்றிக் கதைத்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாத பல இனத்தாரை அடிமைகளாகப் பிடித்து ஒரே கப்பலில் அடைத்தார்கள், தீவில் எல்லாரும் கலந்தார்கள், யார் எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. சகோதரர் நாலு பேரும் நாலு நிறம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிழமை முடிவு வந்தது. அவரிடம் ஒன்றுமில்லை. பிள்ளைக்கு வந்தால் என்னுடையது மட்டும்தான் வரும், அதோடு நூறு வயதுவரை வாழலாம். எங்கள் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக் குசினியில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். அவர் தேங்காய்ப்பாலில் பயறும் சோறும் சமைத்தார். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப எங்கட பக்கமோ?”

“ஓம் அம்மா.”

“மருமகன் கோவிக்கேல்லையோ? அவற்ற அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை.”

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அம்மா முதல் மாதமே கேட்டுவிட்டாராம், மருமகளின் ஆட்களுக்கு இரத்தத்தில் ஏதோ இருக்கிறதாமே, சோதித்தீர்களா என்று. எனக்குக் கோபம் வராதபடி இவர்தான் மறைத்து வைத்திருந்தாராம்.

அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

“அதெப்பிடி அவ அப்பிடிக் கேப்பா?” போனுக்குள் அம்மா சீறினார். “எங்கட ஆக்களுக்கு என்ன குறை?”

கொஞ்சம் பொறுத்துத்தான் அம்மா சிரிக்கத் தொடங்கினார்.