என் இடுப்பளவுக்கு ஒரு படகு

பிளவுஸ் தைப்பது என் தொழில். போன வருடம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பிளைவுட் பலகைகளில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, பசை பூசி, ஒருவர் மட்டும் உட்காரும் கயாக் படகைச் செய்தார்கள். தையல்தானே என்று நானும் மொட்டை மாடியில் ஆரம்பித்தேன். பலகை வாங்கி வந்தது என் கணவர். மற்றதெல்லாம் நான்.

முடிந்ததும் தாமல் ஏரிக்குக் கொண்டுபோனோம். கரையில் கூட்டம் கூடிவிட்டது.

"சூப்பரா செஞ்சிக்கிறீங்கண்ணே" என்று எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டு நின்றார். நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாலு பேர் நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

முதலில் அவரே ஏறினார். உட்காரும் துவாரத்தில் இடுப்பு மாட்டிக்கொண்டது.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார். "இன்னாபா, யாரு அளவுக்கு வெட்டின?"

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"என் அளவுக்கு. நான்தான் செஞ்சேன்" என்றேன்.

"காதுல வுழலம்மா. சத்தமா சொல்லு."

மறுபடியும் சொன்னேன். கரையே திரும்பிப் பார்த்தது.

"அப்ப நீ ஏறு. அந்தாளு புடிச்சிக்கினு நிக்கட்டும்."

அவர் இடுப்பை உருவிக்கொண்டு வெளியே வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். கச்சிதமாக இருந்தது.

"வுட்டுடவா?" என்றார்.

"வுடுங்க."

இப்போது யாராவது படகைப் பற்றிக் கேட்டால், என் கணவர் முகத்தைப் பார்க்காமல் நானே பதில் சொல்கிறேன்.